வலைப்பையா, தார்பாலின் பையா, வயர் கூடையா: ஸ்நார்க்கலிங் பை பராமரிப்பு, செட்டிநாட்டுக் கணக்கில்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ராமேசுவரம், பாம்பன் கடற்கரைகளுக்கு ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்யப் போய்வருகிறவர்கள், முகத்தில் அணியும் மாஸ்க்கையும் காலில் மாட்டும் துடுப்புகளான ஃபின்களையும் பத்துப் பேரிடம் விசாரித்து வாங்குகிறார்கள். அவற்றைச் சுமக்கும் பையை மட்டும் கைக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். கடலோரத்தில் வீடு இருப்பவர், கரையேறிய கையோடு பையை நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். நம் பையோ, ஊர் திரும்பும் வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம் உப்புத் தண்ணீரோடு வண்டிக்குள் கிடக்கிறது. எனவே எந்தப் பை நல்லது என்பதை, அந்த மூன்று மணி நேரத்தை அது எப்படித் தாங்குகிறது என்பதை வைத்தே நான் எடைபோடுவேன்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பையின் தோள்பட்டையும் தையல்களும் கால் லிட்டர் நீரை உறிஞ்சியிருந்தால், காய்ந்த பிறகு ஒன்பது கிராமுக்குச் சற்றுக் குறைவான உப்பு அங்கேயே தங்கிவிடும். அதில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. சித்திரையில் மொடமொடவென்று காய்ந்திருந்த பை, ஐப்பசி மழையில் யாரும் தொடாமலே பிசுபிசுப்பது இதனால்தான்.

வலைப்பையின் பெரிய பலம், அதைப் பொருள்களோடு சேர்த்தே தண்ணீரில் முக்கி எடுக்கலாம் என்பது. நீர் வடிந்துவிடுகிறது, காற்று உள்ளே போகிறது, பூஞ்சைக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் அதன் கேடு கண்ணில் படாத இடங்களில் தொடங்கும். சுருக்குக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குமிழை அழுத்திப் பார்த்தால், உள்ளே ஒரு சின்ன இரும்புச் சுருள் தெரியும். முதலில் துருப்பிடிப்பது பெரும்பாலும் அதுதான். அடிப்பக்கத் தையல் மடிப்பில் சேரும் பவளத்துகள் கலந்த மணல், நூலை அரம்போல் அறுக்கும். கரையிலேயே பையைத் தலைகீழாக உதறிவிட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து பவளத்துண்டு எதுவும் பையோடு வீட்டுக்கு வரவும் கூடாது. வலை கிழிந்தால் தூண்டில் நரம்பால் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். வண்டி இருக்கையை நனைப்பதுதான் இதன் மீதுள்ள நியாயமான குறை.

பி.வி.சி. பிளாஸ்டிக் பூசிய தார்பாலின் பையின் வாயை மூன்று நான்கு சுற்று உருட்டி மூடினால், ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. பேருந்தில் போகிறவர்களுக்கு இதைவிட மரியாதையான பை இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஈரமும் அதேபோல வெளியே போகாது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள், நனைந்த காலுறைகளோடு அது கிடந்தால், வீட்டில் திறக்கும்போது வரும் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. ஊர் வந்ததும் உள்பக்கத்தை வெளியே புரட்டி, மென்மையான சோப்பால் கழுவி, நிழலில் விரிக்க வேண்டும். பூஞ்சைப் புள்ளி விழுந்திருந்தால், வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துடைக்கலாம். ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் வைத்தால் அந்த மடிப்பிலேயே வெடிக்கும்; மொட்டைமாடியின் சித்திரை வெயில் பி.வி.சி.யின் நெகிழ்வை நாளடைவில் போக்கிவிடும். ஓட்டை விழுந்தால் பஞ்சர் கடைச் சொல்யூஷன் இதில் நிற்காது. வினைலுக்கென்றே உள்ள பசை தேவைப்படும்.

வயர் கூடையைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் அதில் ஜிப் இல்லை, இரும்பு இல்லை, குழாயடியில் காட்டினால் வேலை முடிந்தது. நீளமான ஃபின்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், கூட்டத்தில் யாரையாவது குத்தும். சின்னஞ்சிறு ஃபின்களோடு வரும் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

என் தேர்வு வலைப்பைதான், ஆனால் மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியோடு சேர்த்து. வீட்டிலிருந்து ஒரு கேன் நல்ல தண்ணீர் கொண்டுபோய், கரையேறியதும் வாளியில் ஊற்றி, பையைப் பொருள்களோடு அதில் அமிழ்த்தி மூடிவிட்டால், திரும்பும் மூன்று மணி நேரமும் ஊறவைக்கும் நேரமாகிவிடுகிறது. இருக்கையும் நனையாது. மாஸ்க் மட்டும் ஃபின்களோடு உரசாமல் தன் பெட்டிக்குள் இருக்கட்டும்.

வீட்டில் செய்யும் கடைசி அலசலுக்கு, உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் உதவாது. அது காயும்போது ஜிப்பிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் படிவத்தை விட்டுச்செல்லும். வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுவே சிறந்தது. காயவைக்கவும் வளவைச் சுற்றிய தாழ்வாரத்தைப் போன்ற இடம் வேறில்லை: நிழலும் உண்டு, காற்றும் உண்டு. சொட்டுகிற பையை ஆத்தங்குடித் தரையில் வைத்தால் உப்புத் தடம் படியும், அப்பத்தாவின் வசவும் நிச்சயம், கொடியிலேயே தொங்கவிடலாம். ஜிப் பற்கள் காய்ந்தபின் அவற்றின்மேல் மெழுகுவத்தியைத் தேய்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் மணல்தான் ஒட்டும்.

எடுத்துவைப்பதிலும் நம் வீட்டு வழக்கம் ஒன்று இடிக்கிறது. பட்டுப்புடவைப் பெட்டிக்குள் இடம் இருக்கிறதென்று பையை அதில் திணித்தால், அங்குள்ள நாப்தலின் உருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். வாடையும் மாஸ்க்கில் ஏறும். கறுப்பு ரப்பர் ஃபின்னைத் தொட்டபடி நிறமற்ற சிலிகான் மாஸ்க்கை வைத்தால் கறை ஏறும், அது போகாது. ஃபின்களை மடக்காமல் படுக்கவைத்து, மாஸ்க்கைத் தனியாக வைத்து, காலிப் பையை வாய் திறந்தபடி ஆணியில் மாட்டிவிட்டால் போதும்.