கலாசிபாளையத்துச் செல்ஃப் கடையும் குளிரில் எழும்பாத எங்கள் மினி டிராக்டரும்

பெங்களூர் கலாசிபாளையத்தில் வண்டிகளின் செல்ஃபும் (சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) வயரிங்கும் பார்க்கும் ஒரு கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று பொங்கலிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது உதவும்.

ஆனேகல் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் சப்போட்டாவும் கொய்யாவும் இருக்கிறது. மர வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் நுழையாது என்று 1999-ல் அப்பா ஒரு மினி டிராக்டர் வாங்கினார். மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். அப்பா போன பிறகு தோட்டத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீடு அல்சூரில், வாரம் இரண்டு முறை போய் வருவேன். மற்ற நாட்களில் தோட்டத்துப் பெரியவர் ஒருவர்தான் எல்லாம்.

கன்னடத்தில் குளிருக்குச் 'சளி' என்று பெயர். டிசம்பர் பிறந்ததும் பெரியவர் காலை ஏழு மணிக்கே போன் செய்து, "சளிம்மா, வண்டி எழுந்திருக்கல" என்பார். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். செல்ஃப் இரண்டு சுற்று முக்கி முனகிச் சுற்றிவிட்டு நின்றுபோகும். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் அதே வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பெங்களூரில் அப்படி என்ன குளிர் என்று கேட்காதீர்கள். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. ஜனவரி விடியற்காலையில் எங்கள் தோட்டத்தில் 13, 14 டிகிரிக்கு இறங்கிவிடும்.

முதலில் காட்டிய இடத்தில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். புதுசு வாங்கிப் போட்டேன். நான்கு நாள் கழித்து மறுபடி அதே 'டக்'. இரண்டாவது ஆள் எஞ்சினில் கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் திறன்) இல்லை, இறக்கிப் பிரித்துவிடலாம் என்று 38,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பாவின் வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதானோ என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் லாரி வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரர் இந்தக் கடையைச் சொன்னார்.

கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி, கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, லாரி ஆபீஸ்கள் இருக்கும் சந்தில் நடந்தால் வரும். பத்துக்குப் பத்து இடம்தான். வாசலிலேயே செல்ஃப் மோட்டார்களும் டைனமோக்களும் குவிந்து கிடக்கும். கடைக்காரர் ஆம்பூர்க்காரர், ஐம்பது வயசிருக்கும். நான் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில நானே வர்றேன் அக்கா. ஆனா சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மேல யாரும் வண்டியைத் தொடக்கூடாது. சூடான வண்டி நோவைச் சொல்லாது."

சொன்னபடி ஆறே முக்காலுக்கு பைக்கில் வந்து இறங்கினார். கொய்யா இலையில் பனி அப்படியே இருந்தது. பையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஸ்பேனர் இல்லை, மீட்டர். பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தார்: 12.6 வோல்ட். முழு சார்ஜ். "இதைப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் ஏமாறுறது" என்றார். வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போது எந்த வயரும் நல்ல வயர்தான். பாரம் ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும் என்று விளக்கினார்.

அடுத்து அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரியவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, செல்ஃப் முக்கிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் மீட்டர் ஒயரை இடம் மாற்றி மாற்றி வைத்தார். பேட்டரியில் 11.1 வோல்ட். செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 8.7 தான். நடுவில் 2.4 வோல்ட் எங்கே போனது? பிளஸ் பக்கம் கேபிளில் 0.3 போயிருந்தது, அது பரவாயில்லை. பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே வைத்தபோது மீட்டர் 2.1 காட்டியது. அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாதாம்.

உடனே எதையும் கழற்றவில்லை. பையிலிருந்து ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சினில் ஒரு போல்ட்டிலும் கவ்வவிட்டு, "இப்ப அடிங்க" என்றார். செல்ஃப் சுற்றிய வேகத்தில் பெரியவர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். நோய் பேட்டரி மைனஸை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் வயரில்தான் என்பது ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிட்டது.

பழைய எர்த் பட்டையைக் கழற்றிக் காட்டினார். பின்னல் செம்பு, உள்ளே பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், அது உட்கார்ந்திருந்த இடத்தில் பெயின்ட், பெயின்ட்டுக்கு மேல் துரு, அதற்கும் மேல் டீசலும் மண்ணும் கலந்த பிசுக்கு. குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிவிடும், அதைச் சுற்ற செல்ஃப் 200 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த நேரத்தில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே செத்துவிடும். வெயில் ஏறினால் ஆயில் இளகி இழுவை குறையும், அதனால் வண்டி தப்பித்துக்கொள்ளும். ஒரு மாதமாக எனக்குப் புரியாமல் இருந்தது இதுதான்.

35 சதுர மில்லிமீட்டர் கேபிளின் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து அழுத்தி, சேஸிஸை நம்பாமல் நேராக செல்ஃப் மோட்டார் மாட்டியிருக்கும் போல்ட்டுக்கே எர்த் கொடுத்தார். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார், முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினார். திரும்பவும் அளந்தபோது பேட்டரியில் 10.6 தான் இருந்தது. முன்பைவிடக் குறைந்திருக்கிறதே என்று எனக்குப் பகீரென்றது. "அது இப்பத்தான் நிஜமா வேலை செய்யுது அக்கா, செல்ஃபுக்கு 10.2 போகுது பாருங்க" என்றார்.

அப்புறம் ஹீட்டர் பிளக். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும், குளிரில் அதற்குத் துணைக்கு இந்த பிளக். வயரைச் சுற்றிக் கவ்வி கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தார். மூன்றும் எரிந்தால் 25 ஆம்பியருக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் 9 காட்டியது, அதாவது ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. மூன்றும் தனித்தனியாகக் கரன்ட் வாங்குவதால் இரண்டு போனாலும் டாஷ்போர்டு விளக்கு வழக்கம் போல எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பழைய பிளக்கைக் கையில் கொடுத்து, அதில் பொறித்திருக்கும் வோல்ட் எண்ணைப் பார்த்து அதையே வாங்கச் சொன்னார். ஜே.சி. ரோட்டில் கிடைத்தது. குளிரில் வண்டியைக் கிளப்ப எஞ்சினுக்குள் அடிக்கவென்று பெரியவர் ஒளித்து வைத்திருந்த ஈதர் ஸ்பிரே டப்பாவையும் அன்றைக்கே தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். ஹீட்டர் பிளக் பழுக்கச் சூடாகியிருக்கும்போது அதை உள்ளே அடித்தால் பிஸ்டனே உடையலாம்.

பிளக் மூன்று 1,650, கேபிளும் லக்கும் 600, அவர் கூலி 1,500. ஆக மொத்தம் 3,750 ரூபாய்.

குறையும் உண்டு. போன் எடுக்க மாட்டார். கேட்காமல் பில் தர மாட்டார். பிளக் மாட்ட வியாழக்கிழமை வருகிறேன் என்றவர் அடுத்த ஞாயிறுதான் வந்தார். அந்த மூன்று நாளும் எனக்குக் கோபம்தான். கடை வாசலில் வண்டி நிறுத்த இடமே கிடையாது, மெட்ரோவில் போவதே நல்லது. ஆனால் தேவையில்லாத ஒரு சாமானைக்கூட என் தலையில் கட்டவில்லை. அளந்து காட்டாமல் எதையும் மாற்றவில்லை. இப்படி ஒருவரை இந்த ஊரில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நேற்று காலை ஆறரைக்கு நானே ஏறி உட்கார்ந்து, ஹீட்டருக்கு பத்து எண்ணிவிட்டுத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எழுந்தது.

செல்ஃப் அல்லது டைனமோ மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கழற்றிக்கொண்டு காலை பத்து மணிக்கு மேல் போங்கள், வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. வயரிங் சந்தேகம் என்றால் நேரில் போய் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி வையுங்கள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.