101 நெடுஞ்சாலைக்கு இணையாக ஓடும் ஸ்மார்ட் ரயில்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின், சொனோமா ஆகிய இரு கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற பகுதிகள்) ஊடாக 101 நெடுஞ்சாலையை ஒட்டியே ஓடும் ஸ்மார்ட் (SMART, சொனோமா-மரின் பகுதி ரயில் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) ரயிலில் வேலைநாளிலும் வார இறுதியிலும் பயணம் செய்த பிறகு இதை எழுதுகிறேன். இதை வேறு ஊர் ரயில்களோடு ஒப்பிடுவதைவிட, இதற்காக வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவர்கள் மக்களிடம் என்ன சொன்னார்களோ அதோடு ஒப்பிடுவதே நியாயம் என்று நினைக்கிறேன். அரசு தானாக முன்வந்து கொடுத்த சேவை அல்ல இது. விற்பனை வரியாக டாலருக்குக் கால் சென்ட் கூடுதலாகத் தருகிறோம் என்று இரு கவுண்டி மக்களும் வாக்களித்துப் பெற்றது.

அந்த வாக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. கலிஃபோர்னியாவில் அப்போது இத்தகைய வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. 2006இல் ஏறக்குறைய 65 விழுக்காட்டினர் ஆதரித்தும் திட்டம் தோற்றது. ஆதரவாளர்கள் சோர்ந்துவிடாமல் 2008 நவம்பரில் மீண்டும் மக்களிடம் போனார்கள். இம்முறை ஆதரவு 70 விழுக்காட்டை நெருங்கியது. தண்டவாளத்தை ஒட்டி மிதிவண்டிப் பாதையும் வரும் என்று திட்டத்திலேயே சேர்த்திருந்ததால், ரயிலில் ஏற எண்ணாத பலரும் இதைத் தங்கள் திட்டமாகக் கருதினார்கள். என் பார்வையில், அந்தப் பரப்புரையில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு அதுதான்.

2017 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய ரயில் இரண்டு பெட்டிகள் கொண்ட டீசல் வண்டி. நடைமேடையும் பெட்டியின் தளமும் ஒரே உயரத்தில் இருப்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் யார் கைத்தாங்கலும் இன்றி நேராக உள்ளே போகின்றன. நிலையத்தில் நிற்கும்போது கீழே பார்த்தால், ஒரு தண்டவாள இணையை ஒட்டியே இன்னோர் இணை சற்று விலகி ஓடுவது தெரியும். அகலமான சரக்கு வண்டிகள் நடைமேடையில் உரசாமல் கடக்கச் செய்த ஏற்பாடு அது. பெட்டலூமா ஆற்றின் மேல் உள்ள தூக்குப் பாலம் டெக்சாஸின் கால்வெஸ்டனிலிருந்து பழையதாக வாங்கி வந்து பொருத்தப்பட்டது. மக்கள் பணம் சிக்கனமாகச் செலவழிக்கப்பட்டதை இப்படிக் கண்ணால் பார்க்க முடிவது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. 2024 ஏப்ரலில் 18 வயது வரையிலானவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. பள்ளி விடும் நேரத்தில் பெட்டிக்குள் பார்த்தால் அதன் பயன் புரியும்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. பெரும்பகுதி ஒற்றைத் தடம் என்பதால் எதிர்வண்டிக்கு வழிவிட்டே ஓட வேண்டியிருக்கிறது. நெரிசல் நேரத்திலும் ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு வண்டிதான். ஒன்றைத் தவறவிட்டவர் அடுத்த நாள் காரை எடுக்கவே யோசிப்பார். 2019 டிசம்பரில் தெற்கே லார்க்ஸ்பர் வரை நீட்டித்தும் நிலையம் படகுத் துறையை ஒட்டி அமையவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்குப் படகு பிடிப்பவர்கள் இடையில் நடந்தாக வேண்டும். மழைநாளில் அந்த நடை பயணத்தையே கைவிட வைக்கும் அளவுக்குத் தொல்லை.

இந்த ரயில் சாலை விரிவாக்கத்துக்கு மாற்றாக வந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. சொனோமா கவுண்டியில் 2004இல் நிறைவேறிய போக்குவரத்து வரியில் 101 நெடுஞ்சாலைக்கு 40 விழுக்காடும் ரயிலுக்கு 5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. சாலையும் அகன்றது, ரயிலும் வந்தது. சாலையை அகலப்படுத்தினால் புதிய வண்டிகள் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன என்பதைப் பின்னாளில் ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவே நெடுஞ்சாலை அனுபவமும் காட்டியது. பணம் முதலில் தாருக்கே போனது எனக்கு வருத்தம்தான்.

101இல் தினமும் ஊர்ந்து செல்பவர்கள், அலுவலகம் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தால், தயங்காமல் இந்த ரயிலுக்கு மாறலாம். வின்ட்சருக்கு வடக்கே இருப்பவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2008இல் பேசப்பட்ட தடம் லார்க்ஸ்பரிலிருந்து வடக்கே க்ளோவர்டேல் வரை சுமார் 70 மைல். 2025இல் வின்ட்சர் நிலையம் திறந்த பிறகும் அதில் 50 மைல்கூட முடியவில்லை. வின்ட்சருக்கு அப்பால் உள்ள ஹீல்ட்ஸ்பர்க், க்ளோவர்டேல் மக்கள் 2009 முதல் அதே கால் சென்ட்டைக் கொடுத்துவருகிறார்கள். க்ளோவர்டேலில் நிலையக் கட்டடம் எப்போதோ எழும்பிவிட்டது. அங்கே இன்றும் பேருந்துகள்தான் வந்து போகின்றன.