மூணு வார லீவும் முகத்து லேசரும்

"முதல்ல ஒரு டெஸ்ட் ஸ்பாட் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டதற்கு, முகத்துக்கு லேசர் போடப் போன திருச்சி தில்லைநகர் கிளினிக் கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்த சிரிப்பு, லண்டன் திரும்பிய பிறகும் எரிச்சலைக் கிளப்புகிறது. "அதெல்லாம் ஹேர் ரிமூவலுக்குத்தான் மேடம். லீவு எத்தன நாள்? மூணு வாரமா? அப்ப வாரத்துக்கு ஒண்ணா மூணு சிட்டிங் முடிச்சு அனுப்பிடுறோம்." டாக்டர் இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. பருவா, தழும்பா, வெறும் கருமையா என்று யாரும் கேட்கவும் இல்லை. அதற்குள் லேமினேட் செய்த பேக்கேஜ் அட்டை வந்துவிட்டது. ஆறு சிட்டிங்குக்குப் பணம் கட்டினால் ஏழாவது இலவசம், மிச்சம் இருந்தால் "உங்க தங்கச்சி யூஸ் பண்ணிக்கலாம்." ஜிஎஸ்டி 18 சதவீதம் அட்டையின் கீழ்க்கோடியில், பொடி எழுத்தில்.

கல்யாணம், கோயில், பேங்க் வேலை எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. முழு முகத்துக்கு முன்னால் ஒரு சின்ன இடத்தில் மட்டும் லேசரைப் போட்டுப் பார்க்கும் இந்த டெஸ்ட் ஸ்பாட் விஷயத்தைத்தான் விட மனமில்லை.

தோலை வெயிலுக்கு அது காட்டும் குணத்தை வைத்து ஆறு வகையாகப் பிரிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் தொடங்கி வைத்தது. நம்மில் பெரும்பாலோர் நாலாவது, ஐந்தாவது வகை. பரு, கொசுக்கடி, எண்ணெய்ச் சூடு என்று எது பட்டாலும் ஆறும்போது ஒரு கறுப்பை விட்டுவிட்டுப் போகும் தோல் இது. லேசரும் கணக்குப் பண்ணிப் போடும் காயம்தான். ஆனால் அந்தக் கறுப்பு அன்றைக்கே தெரியாது. பொருக்கு உதிர்ந்து முகம் பளிச்சென்று இருக்கும் முதல் வாரத்திலும் தெரியாது. இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரத்துக்குள் மெல்ல எழும்பும். வாரம் ஒன்றாகப் போட்டால், முதல் சிட்டிங்கின் விளைவு வெளியே வருவதற்குள் மூன்றாவதும் முடிந்திருக்கும். ஆள் ஹீத்ரோவில் பெட்டிக்காக நின்றுகொண்டிருப்பார். தழும்புக்குப் போடும், தோலில் நுண்துளைகள் இடும் ஃபிராக்‌ஷனல் சிஓ2 லேசருக்கு நம் தோலில் இரண்டு சிட்டிங்குக்கு நடுவே குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் ஆறு வாரம் விடுவது இதனால்தான்.

டெஸ்ட் ஸ்பாட்டைச் சரியாகச் செய்வது கடினமில்லை. காதுக்கு முன்னால் அல்லது தாடை எலும்பின் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் இடம் போதும். முகத்துக்குப் போடப்போகும் அதே மெஷின், அதே ஹேண்ட்பீஸ், அதே அளவு. பக்கத்திலேயே அதைவிடக் குறைந்த அளவில் இன்னொன்று. முழங்கைக்குக் கீழே போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கைத்தோல் ஆறும் விதமே வேறு. அன்றைக்கு ஒரு படம், ஒரு வாரத்தில் ஒன்று, நாலு வாரத்தில் ஒன்று. ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், போனின் பியூட்டி மோடை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். நாலாவது வாரத்தில் கறுத்திருந்தால் முதலில் குறைக்க வேண்டியது டென்சிட்டியை. மெஷினில் எனர்ஜி என்பது துளை எவ்வளவு ஆழம் போகும் என்பதையும், டென்சிட்டி என்பது தோலில் எத்தனை சதவீதம் துளை விழும் என்பதையும் சொல்லும். மாநிறத்தில் கறுப்பைக் கொண்டுவருவதில் ஆழத்தைவிட நெருக்கத்துக்குத்தான் பங்கு அதிகம். போட்ட இடத்திலேயே சூடு தணியாமல் மறுபடி ஓட்டினால் டென்சிட்டி இரட்டிப்பாகிவிடும். கன்னத்தில் கட்டம் கட்டமாகக் கறுத்துப்போன முகங்களில் பாதிக்கு மேல் இந்த ஓவர்லேப்தான் காரணமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதைச் சொன்னதும் "லண்டன்ல எல்லாம் பர்ஃபெக்ட்டா?" என்று கேட்பார்கள். இல்லை. ஹாரோவிலோ க்ராய்டனிலோ உள்ள சின்ன அழகு நிலையம்கூடப் பேட்ச் டெஸ்ட் (டெஸ்ட் ஸ்பாட்டுக்கு அங்கே பெயர்) இல்லாமல் மெஷினைத் தொடாது. ஆனால் அது இன்ஷூரன்ஸ்காரருக்காகச் செய்யும் சடங்கு. ஒன்றிரண்டு நாளில் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். சூட்டுக் கொப்புளம் வந்திருந்தால் அதில் தெரியும், மூன்றாவது வாரத்துக் கறுப்பு தெரியாது. அழகுக்கான லேசரைப் பிடிக்க டாக்டராக இருக்க வேண்டும் என்ற சட்டமும் இங்கிலாந்தில் கிடையாது. அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் பருவுக்கு அடாபலீனும் பென்சாயில் பெராக்ஸைடும் கலந்த ஜெல்லைக் கொடுத்து 12 வாரம் கழித்து வா என்பார்கள். தோல் நிபுணரின் வரிசை மாதக்கணக்கில். நைஸ் என்ற அரசு மருத்துவ அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பரு அடங்கி ஒரு வருடம் கழித்தும் தழும்பு கடுமையாக இருந்தால்தான் நிபுணர் குழுவில் சிஓ2 லேசரை யோசிக்கலாம் என்கிறது.

திருச்சியில் காலையில் போன் போட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கு டோக்கன். எம்.டி. டி.வி.எல். (தோல் மருத்துவம்) படித்த டாக்டரைச் சில நூறு ரூபாய்க்குப் பார்த்துவிடலாம். அவர் கண்ணுக்கு மாநிறத்து முகம்தான் பாடப்புத்தகம். இந்த ஒரு விஷயத்தில் லண்டனின் பேர்போன தனியார் டாக்டர் தெருவான ஹார்லி ஸ்ட்ரீட்டைவிடத் தில்லைநகரை நம்புவேன், கவுன்ட்டரைத் தாண்டி டாக்டர் வரை போக முடிந்தால். இரண்டாவதாகப் பார்த்த கிளினிக்கில் முடிந்தது. அங்கே பேக்கேஜ் அட்டையே இல்லை, பழைய மரப்பெஞ்சும் ஓடாத ஏசியும்தான். டாக்டரம்மா விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துக் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "லீவுக்குன்னு லேசர் போட்டுக்காதீங்கம்மா" என்றார். பிறகு தழும்பைத் தரம் பிரித்தார்.

அந்தப் பிரிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசியால் குத்தின மாதிரி குறுகி ஆழமாகப் போகும் குழிக்கு லேசர் எட்டாது. அதற்குப் பல்குச்சி முனையில் 70 முதல் 100 சதவீத டிசிஏ அமிலத்தைக் குழிக்குள் மட்டும் வைக்கும் கிராஸ் முறை. அலை அலையாகத் தாழ்ந்திருக்கும் கன்னத்தில் தோலைக் கீழே இருந்து நார்கள் இழுத்துப் பிடித்திருக்கும். ஊசியை உள்ளே விட்டு அவற்றை அறுக்கும் சப்சிஷன் வேண்டும். ஓரம் செங்குத்தாக, ஆழம் குறைவாக உள்ள தழும்பில்தான் ஃபிராக்‌ஷனல் லேசர் நன்றாக வேலை செய்யும். முகத்தில் மூன்றும் கலந்திருக்கும்போது லேசரை மட்டும் ஆறு தடவை போட்டால், "எனக்கு ஒண்ணும் ஆகல" என்று ஒருத்தியும் "சூப்பர்" என்று இன்னொருத்தியும் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. தழும்பு வேறு, சொல்லும் வேறு.

அட்டையில் "ஆக்னி லேசர்" என்று போட்டிருந்தது கார்பன் பீல். கரிக்குழம்பைப் பூசிப் பத்து நிமிடம் விட்டு, 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரால் முதலில் சூடாக்கி, பிறகு க்யூ ஸ்விட்ச் என்ற மிகக் குறுகிய துடிப்பில் வெடிக்க வைப்பது. பொரியும் சத்தமும் கருகல் வாடையும் வரும். எண்ணெய்ப் பிசுக்கு சில வாரம் குறையும், முகம் தெளிந்த மாதிரி தெரியும். நெற்றியில் பொடிப் பொடியாக இருப்பவர்களுக்குச் சந்தோஷம். தாடையோரத்தில் மாதவிடாய்க் கணக்கில் கிளம்பும் பெரிய கட்டிகளுக்கும், சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓடி) உள்ளவர்களுக்கும் இது பணத்துக்குக் கேடு. உண்மையிலேயே எண்ணெய்ச் சுரப்பியைக் குறிவைக்கும் லேசர் 1726 நானோமீட்டர். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022இல் ஏவிக்ளியர், அக்யூர் என்ற இரண்டு கருவிகளுக்கு அனுமதி தந்தது. தோல் நிறமியான மெலனின் அந்த அலைநீளத்தைப் பெரிதாக உறிஞ்சாது என்பதால் கறுத்த தோலுக்கும் ஆகும். ஏவிக்ளியரில் மூன்று சிட்டிங், மாதம் ஒன்று என்ற கணக்கில். தொடக்கத்தில் பரு கிளம்பலாம், பலன் மாதக்கணக்கில்தான் தெரியும். ஆக அதுவும் லீவுக்குள் அடங்காது. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் 2024 வழிகாட்டுதல், பருவுக்கு லேசரைப் பரிந்துரைக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ ஆதாரம் போதவில்லை என்று நிறுத்திக்கொண்டது. கவுன்ட்டரில் "90 பர்சென்ட் கேரண்டி" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எம்என்ஆர்எஃப் என்பதையும் லேசர் என்றே சொல்லி விற்கிறார்கள். அது நுண்ணூசி வழியாக ரேடியோ அலைச் சூட்டை உள்ளே இறக்குவது. மேல்தோலுக்குச் சூடு குறைவாகப் படுவதால் நம் நிறத்தில் கறுப்பு வரும் வாய்ப்பும் குறைவு. ஊசிமுனை கார்ட்ரிட்ஜ் ஒருவருக்கு ஒருமுறைதான். சீல் உடைப்பதைக் கண்ணால் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் கோபத்தோடு எழுந்து வந்துவிடலாம்.

லேசருக்கு முன்னால் டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, முகம் வெளுக்க அத்தை கொடுத்த க்ரீம். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் மூன்றும் சேர்ந்த ட்யூப் ஊரில் பல வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. தோலில் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அரசு இறுக்கியும், மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது மெலிதாக்கிய தோலில் லேசர் பட்டால் சூடு அதிகம் இறங்கும். டாக்டர் மேற்பார்வையில் அதை நிறுத்தி, தோல் தேறச் சில மாதம் ஆகும். மற்றது பருவுக்கு விழுங்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. நிறுத்தி ஆறு மாதம் ஆகாமல் எந்த லேசரும் கூடாது என்பது பழைய விதி. 2017இல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நிபுணர்கள் அதைத் தளர்த்தினார்கள். முகம் முழுக்கத் தோலை உரிக்கும் ரகத்துக்கு மட்டும் எச்சரிக்கை நிற்கிறது. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே இந்த மாத்திரையைத் தொடங்க, மருந்து எழுதும் தகுதியுள்ள இரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று 2023 அக்டோபரில் விதி வந்தது. கருத்தரிக்கக் கூடியவர்களுக்குக் கருத்தடையும் பரிசோதனையும் கட்டாயம். ஊரில் பழைய சீட்டைக் காட்டினால் ஸ்ட்ரிப் கிடைத்துவிடும் கடைகள் உண்டு. கருவுக்குப் பெரிய ஊனம் வரவைக்கும் மருந்து அது, அந்தச் சுலபத்தில் மயங்க வேண்டாம்.

ரெட்டினாய்டு க்ரீம், ஆசிட் சீரம் எல்லாம் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். த்ரெட்டிங், வேக்ஸிங்கும் அப்படியே. குற்றாலமோ ராமேஸ்வரமோ போய்க் கறுத்து வந்த முகத்தோடு லேசருக்கு உட்காரக் கூடாது, கறுப்பு இறங்க மூன்று நாலு வாரம் வேண்டும். வாயோரத்தில் அக்கி மாதிரிக் கொப்புளம் வந்துபோகும் பழக்கம் இருந்தால் சொல்லிவிடுங்கள், சிஓ2வுக்கு முந்தின நாளே வைரஸ் மாத்திரை தொடங்குவார்கள். அன்றைக்கு லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரத்துப்போகும் க்ரீமைப் பூசி, க்ளிங் ஃபிலிம் ஒட்டி 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கூட்டம் என்று இருபது நிமிடத்தில் கூப்பிட்டால் வலியில் முகம் அசையும், அசைந்தால் ஓவர்லேப். துடைத்தபின் தோல் உலர்ந்திருக்க வேண்டும், ஈரத்தைச் சிஓ2 லேசர் குடித்துவிடும். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும், தீப்பிடிக்கும். 1064 நானோமீட்டர் லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி சிஓ2வின் 10,600 நானோமீட்டருக்கு உதவாது, ஓரத்தில் அலைநீளம் அச்சிட்டிருக்கும். புகையை உறிஞ்சும் குழாய் மூக்கருகே ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பெட்ரோலியம் ஜெல்லி, குளிர்ந்த தண்ணீர், குடை. பொடிப் பொருக்கு ஐந்து முதல் ஏழு நாளில் தானாக உதிரும். மஞ்சள், சந்தனம், பாட்டியின் பயத்தமாவு எதுவும் அதுவரை வேண்டாம். பொருக்கை நகத்தால் எடுத்த இடம் கறுக்கும் வாய்ப்பு அதிகம்.

மூணு வாரம்தான் என்றால் இறங்கிய இரண்டாவது நாளே டாக்டரைப் பாருங்கள். தேவைப்பட்டால் அந்த வாரத்திலேயே சப்சிஷன் செய்துகொள்ளலாம், கன்றிப்போன நீலம் ஊருக்குக் கிளம்புவதற்குள் மறைந்துவிடும். டெஸ்ட் ஸ்பாட்டும் அப்போதே. நாலாவது வாரப் படத்தை லண்டனிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பலாம், முழு முகம் அடுத்த லீவுக்கு. எட்டு வாரம் இருக்க முடிகிறவர்கள் ஸ்பாட், ஒரு முழு சிட்டிங் இரண்டையும் முடித்து, கிளம்ப இரண்டு மூன்று வாரம் மிச்சம் வைத்துக்கொள்ளலாம்.

பில்லில் "லேசர் - 1" என்று மட்டும் அடித்துத் தருகிறார்கள். மெஷின் பெயர், அலைநீளம், எனர்ஜி, டென்சிட்டி, எத்தனை பாஸ் (எத்தனை தடவை ஓட்டினார்கள்) என்று டாக்டர் கையால் ஒரு சீட்டு வாங்குங்கள். டாக்டரம்மா கேட்டதும் எழுதிக் கொடுத்தார், கவுன்ட்டரில் "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல மேடம்" என்றார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் போனால் லண்டனில் எந்த டாக்டரும் அடுத்த சிட்டிங்கைத் தொடமாட்டார். திரும்பிய பிறகு கறுத்துவிட்டதென்றால் உடனே இன்னொரு லேசரால் அதை அழிக்க ஓடாதீர்கள். அசெலாயிக் ஆசிட் 15 அல்லது 20 சதவீதம், அயர்ன் ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன், மேகமூட்டமான நாளிலும். பெரும்பாலும் சில மாதங்களில் தணியும், ஆழமாக இறங்கியது ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும்.