சேஸா, சூவலா? பெங்கால்ஸ் எடுத்ததும் விட்டதும்

2020 நவம்பரில் ஜோ பரோவின் இடது முழங்கால் போனது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், அந்த ஆண்டு சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி முதல் ஆளாக எடுத்த குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். அடுத்த ஏப்ரல் டிராஃப்டில் ஐந்தாவதாக எடுக்கும் முறை பெங்கால்ஸுக்கு வந்தபோது முக்கியமான இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள்: ஒரேகன் பல்கலைக்கழகத்தின் டேக்கிள் (முன்வரிசை ஓரத்தில் நின்று குவாட்டர்பேக்கைக் காப்பவர்) பெனே சூவல், எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்தில் பரோ வீசிய பந்துகளைப் பிடித்த ரிசீவர் ஜமார் சேஸ்.

சூவல் கட்சிக்குச் சுவரும் சித்திரமும் கதை போதும்: முழங்கால் போனவனுக்கு முதலில் காவல் போடு. அதைவிட வலுவான வாதம் ஒன்றும் உண்டு. அந்த உடம்பும் அந்தக் கால் வேகமும் சேர்ந்த ஆட்கள் அபூர்வம். நல்ல டேக்கிளை எந்த அணியும் லேசில் வெளியே விடாது. ரிசீவர்களோ வருஷா வருஷம் பின் சுற்றுகளிலும் கிடைக்கிறார்கள். கூப்பர் கப் மூன்றாம் சுற்று, பூக்கா நக்குவா ஐந்தாம் சுற்று.

பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. முதல் சீசனிலேயே அவர் பந்து பிடித்துச் சேர்த்தது 1,455 கெஜம், 13 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்). பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றில் டென்னஸி அணி பரோவை ஒன்பது முறை சாய்த்தும், கடைசி நொடிகளில் சேஸ் பிடித்த 19 கெஜப் பந்துதான் பெங்கால்ஸின் வெற்றி ஃபீல்ட் கோலுக்கு வழி விட்டது. அங்கிருந்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை. சூவலை 7-வதாக எடுத்த டெட்ராய்ட் லயன்ஸ் அந்த ஆண்டு ஜெயித்தது மூன்றே ஆட்டம். பணக் கணக்கிலும் சேஸ் பக்கம்தான் தட்டு தாழ்கிறது. 2011 முதல் புதுமுகச் சம்பளத்தை நிர்ணயிப்பது எடுக்கப்படும் வரிசை. என்ன பொசிஷன் என்பதல்ல. சந்தையில் விலை கூடிய பொசிஷன் ஆளை டிராஃப்டில் பிடித்தால் லாபம். பின்னாளில் சூவலின் நான்காண்டு ஒப்பந்த நீட்டிப்பு 11.2 கோடி டாலர், சேஸுடையது 16.1 கோடி.

அப்புறம் அந்த சூப்பர் பௌலில் பெங்கால்ஸின் கடைசி வாய்ப்பு. ஒரு கெஜம் போதும். சேஸ் தன்னை மறித்து நின்ற எதிரணியின் ஜேலன் ராம்ஸியைத் தாண்டி ஓடிவிட்டார், பந்து வரவில்லை. அதற்குள் எதிரணியின் ஆரன் டொனால்ட் பரோவைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். அன்று பரோ சாய்க்கப்பட்டது ஏழு முறை, தோல்வி 23-20. ‘பார்த்தாயா, சூவல் வேண்டியிருந்தது’ என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: டொனால்ட் உடைத்து வந்தது டேக்கிள் நிற்கும் ஓரத்தில் அல்ல, உள்ளே, டேக்கிளுக்குப் பக்கத்தில் கார்ட் நிற்கும் இடத்தில்.

அதனால் நான் முதல் தேர்வோடு முதல் தேர்வை ஒப்பிட மாட்டேன், ஜோடியாகப் பார்ப்பேன். பெங்கால்ஸ் இரண்டாம் சுற்றில் பரோவைக் காக்கும் முன்வரிசைக்கென்று எடுத்த ஜாக்சன் கார்மனை கார்டாகப் போட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. லயன்ஸோ சூவலை எடுத்த அதே டிராஃப்டில் 112-வதாக அமோன்-ரா செயின்ட் பிரவுன் என்ற ரிசீவரைப் பிடித்தது. 2023-இல் சூவல், செயின்ட் பிரவுன் இருவருமே லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில். லயன்ஸ் சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை போனது. 2024-இல் சேஸ் கேட்ச், கெஜம், டச்டவுன் மூன்றிலும் லீக்கில் முதலிடம். பெங்கால்ஸ் பிளேஆஃப் பக்கமே போகவில்லை.

ஆகவே என் ஓட்டு முதல் சுற்றில் டேக்கிள், பின் சுற்றில் ரிசீவர் என்பதற்கே. ஆனால் இதை முழுக்க லயன்ஸின் சாமர்த்தியம் என்று சொல்ல வாய் வரவில்லை. சூவலுக்குப் பிறகு செயின்ட் பிரவுனுக்கு வருமுன் அவர்களே வேறு மூன்று பேரை எடுத்தார்கள், மூவரும் எதிரணியின் தாக்குதலை நிறுத்தும் டிஃபென்ஸ் ஆட்கள். தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் செயின்ட் பிரவுன் மனப்பாடமாக ஒப்பிப்பார். அந்த வரிசையில் முதல் பெயர் ஜமார் சேஸ்.