ஒரே நாவலா, இரண்டு வாரத்துக்கொரு வகையா?

பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலக்கியம் நடத்துகிறேன். பாடப்புத்தகம் போக வாரத்தில் இரண்டு பாடவேளை என் விருப்பத்துக்கு. அதை மூன்று விதமாகச் செலவழித்துப் பார்த்துவிட்டேன். முதலில் வகுப்பு முழுக்க ஒரே நாவல். அடுத்து நான்கைந்து பேர் கொண்ட வாசிப்புக் குழுக்கள். என்ன படிப்பதென்று அவர்களே முடிவு செய்வார்கள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு வகை: துப்பறியும் கதை, நாடகம், கவிதை, பயணக் கட்டுரை, அறிவியல் புனைகதை, படக்கதை என்று மாறிக்கொண்டே போகிறோம். இந்த மூன்றாவதில்தான் நான் நிலைத்திருக்கிறேன்.

நாவலின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பாத்திரத்தோடு பல வாரம் கூடவே இருந்து, அவன் மாறுவதைப் பார்க்கிற அனுபவம் நாலு பக்கக் கதையில் கிடைக்காது. ஆசிரியருக்கும் வசதி. ஒருமுறை தயாரித்தால் ஒன்றரை மாதத்துக்குக் கவலையில்லை.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம்தான். கதையைத் தவறவிட்ட பிள்ளை திரும்ப உள்ளே வர என்ன வழி? கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 பக்க நாவல். பாடவேளைக்கு 20 பக்கம். முடிய 6 வாரம். ஒரு வாரம் வராத பிள்ளைக்கு 40 பக்கம் போய்விடுகிறது. காய்ச்சலில் ஒரு வாரம் வராமல் இருந்த ஒரு மாணவி திரும்பி வந்தாள். பக்கத்தில் இருந்தவள், “அவன் ஊரை விட்டுப் போயிட்டான், அவங்க அப்பா செத்துட்டாரு, அவ்வளவுதான்” என்று ஒரே மூச்சில் கதையைச் சொல்லி முடித்தாள். இவளும் தலையாட்டினாள். அதற்கப்புறம் நாங்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அவள் புத்தகம் 61-ஆம் பக்கத்திலேயே திறந்திருந்தது. மூன்றாவது வகுப்பில்தான் அது என் கண்ணில் பட்டது. விடுப்பு எடுத்தவர்கள் மட்டுமில்லை. மெதுவாகப் படிப்பவர்கள், நடுவில் கவனம் சிதறியவர்கள், வீட்டில் படித்துவர நேரமில்லாதவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். இந்த வயதில் “எனக்குப் புரியலை” என்று எழுந்து சொல்லக் கூச்சம். சொல்லாமலே 5 வாரம் உட்கார்ந்துவிடுவார்கள்.

இப்போது நான் எடுக்கிற, ஒரே பாடவேளையில் முடிகிற சின்னப் படைப்புகளில் இந்தச் சிக்கல் தானாகவே அவிழ்கிறது. நேற்று வராதவன் இன்று முதல் வரியிலிருந்து எல்லோரோடும் சேர்ந்து தொடங்குகிறான். ஒரே அமர்வில் படித்து முடிக்கிற படைப்புக்குத்தான் முழு விளைவு உண்டு என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-இல் எழுதினார். அவர் மனதில் இருந்தது கலை ஒருமை, அதாவது படைப்பின் எல்லாப் பகுதியும் சேர்ந்து ஒரே உணர்வைத் தருவது. பாடவேளைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

அதே போ 1841-இல் எழுதிய சிறுகதையைத்தான் நவீனத் துப்பறியும் கதைகளின் தொடக்கம் என்கிறார்கள். நானும் அந்த வகையிலிருந்துதான் தொடங்குகிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொள்வேன். குற்றவாளி யார், அதற்கு ஆதாரம் எந்த வரி என்று எல்லோரும் ஒரு துண்டுத்தாளில் எழுத வேண்டும். வரி காட்டாத ஊகம் செல்லாது. ஆண்டு முழுக்க வாய் திறக்காத ஒருவன், இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பிப் போய் விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மறுவாசிப்பு என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. அவன் அதைச் செய்துகொண்டிருந்தான்.

அடுத்த இரண்டு வாரம் கவிதை. குறுந்தொகையில் கபிலர் எழுதிய 25-ஆம் பாட்டைக் கொடுத்தேன். ஐந்தே அடி. அவன் என்னை யாருக்கும் தெரியாமல் மணந்த அன்று வேறு யாரும் இல்லை, கள்வனான அவன் மட்டும்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு ஒரு குருகு இருந்தது, அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள். முந்தின வாரம் சாட்சி, ஆதாரம் என்று பேசிப் பழகியிருந்ததால் வகுப்பு நேராக அதற்குள் இறங்கிவிட்டது. “டீச்சர், அது மீனைத்தானே பாத்துச்சு, அது எப்படிச் சாட்சி சொல்லும்?” என்று கேட்டாள் ஒருத்தி. அந்தப் பாட்டின் வலியே அந்தக் கேள்வியில் இருக்கிறது. அருஞ்சொற்பொருளோடு தொடங்கியிருந்தால் அந்த இடத்துக்கு வந்தே சேர்ந்திருக்க மாட்டோம். ஒரு வகை அடுத்த வகைக்கு வாசல் திறந்துவிடும் என்று திட்டம் போடும்போது எனக்குத் தோன்றவில்லை. நடத்தும்போதுதான் கண்டேன். இப்போது வரிசையை அதற்காகவே யோசித்து வைக்கிறேன்.

நாடகத்தில் சத்தமாக வாசித்தால் போதும், மேடை வேண்டாம். “கடிதம் வந்திருக்கிறது” என்ற ஒற்றை வரி மட்டுமே உள்ள வேலைக்காரர் பாத்திரத்தைத் திக்கிப் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். அதைப் பயத்தோடு ஒருமுறை, ரகசியமாக ஒருமுறை, சலிப்போடு ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். காட்சியே மாறுவதை வகுப்பு கேட்கும்.

வாசிப்புக் குழுக்களைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ் 1994-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதி முறையைப் பரவலாக்கினார். கேள்வி எழுப்புபவர், சொல் தேடுபவர், படம் வரைபவர் என்று ஆளுக்கொரு பொறுப்பும், அதற்கென நிரப்ப ஒரு தாளும் உண்டு. அந்தப் பொறுப்புத் தாள்கள் இயந்திரத்தனமாகிவிடும் என்று 2002-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவரே எச்சரித்தார். என் வகுப்பிலும் தாளை நிரப்பிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தவறவிட்ட பிள்ளையை உள்ளே இழுப்பதில் நாவலை விட இது மேல்தான். நாலு பேரில் ஒருவர் குறைந்தால் மற்றவர்களுக்கே தெரியும், அவர்களே உதவுவார்கள். ஆனால் வகை விரியவில்லை. ஒரு குழு மூன்று முறையும் பேய்க்கதையையே எடுத்தது. நான் இதை ஒரே வகுப்பில், ஒரே பருவம்தான் நடத்தினேன். ஏற்கெனவே நிறையப் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

என் வழிக்கும் செலவு உண்டு, அது ஆசிரியரின் நேரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப் படைப்பு தேட வேண்டும். பதினைந்து படித்தால் ஒன்று தேறும். அறிவியல் புனைகதையில் நான் தேர்ந்தெடுத்தது சரியில்லை. முதல் பக்கத்திலேயே கலைச்சொற்கள் குவிந்து பாதி வகுப்பு கழன்றுகொண்டது. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதிலும் ஊன்றாமல் போகிற ஆபத்தும் நிஜம். அதனால் ஆண்டின் கடைசி 6 வாரத்தை ஒதுக்கிவிட்டேன். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்துப்போன வகையில் ஒரு முழுப் புத்தகம் எடுத்துப் படிக்கலாம். நாவல் அங்கே வருகிறது, அவரவர் வேகத்தில். பொதுத்தேர்வு நெருக்கும் வகுப்புகளில் இதை நான் செய்து பார்த்ததில்லை.

வாரத்துக்கு ஒரே பாடவேளைதான் கிடைக்கும் என்றால் எல்லா வகையையும் திணிக்க மாட்டேன். துப்பறியும் கதை, அதன் பின்னால் கவிதை, பிறகு நாடகம் என்று மூன்றோடு நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வாரம் கொடுப்பேன். அப்போதும் ஒரே பாடவேளையில் முடிகிற படைப்பாகத்தான் எடுப்பேன்.