நப்பின்னையா, நச்செள்ளையா?

பெண் குழந்தைக்கு அரிதான பழந்தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் பலர் இந்த இரண்டில் எதை வைப்பது என்று தயங்குகிறார்கள்.

பொருள்: இரண்டிலும் முன்னால் நிற்கும் ‘ந’ நன்மையைக் குறிப்பது, நக்கீரர் பெயரில் உள்ளதுபோல.

பிறப்பிடம்: நப்பின்னை கண்ணனின் காதலி. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வருகிறாள். திருப்பாவையின் 18, 19, 20ஆம் பாசுரங்களில் ஆண்டாள் அவளை எழுப்புகிறாள். நச்செள்ளையோ சங்கப் புலவர். தலைவன் வரக் கரைந்த காக்கைக்கு, நெய் கலந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் ஏந்தினாலும் போதாது என்று குறுந்தொகை 210இல் பாடியதால் காக்கைபாடினியார் ஆனார். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தும் அவருடையதே. இப்படி ஒரு முன்னோடி எந்தப் பெண்ணுக்கும் பெருமை.

கூப்பிட: நப்பின்னை எளிது, ‘பின்னை’ என்று செல்லமாகவும் சுருக்கலாம். நச்செள்ளையில் ‘நச்சு’ காதில் விழும். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்யக்கூடும், இதை யோசித்தே ஆக வேண்டும்.

பரவல்: இரண்டுமே அபூர்வம். மார்கழிதோறும் காதில் விழுவதால் நப்பின்னை கொஞ்சம் பழக்கம்.

வைணவக் குடும்பத்துக்கும் தாத்தா பாட்டி வாயில் எளிதாக வர வேண்டும் என்பவர்களுக்கும் நப்பின்னை. பெயருக்குப் பின்னால் ஒரு கவிஞர் நிற்கட்டும் என்பவர்கள் நச்செள்ளையைத் துணிந்து வைக்கலாம்; குறுந்தொகைப் பாட்டையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.