ஜனவரியில் ஹீட் பெல்ட் விற்ற பீர் கிட் கடை: ஓர் எச்சரிக்கை

பிரிஸ்பேனில் வீட்டிலேயே பீர் தயாரிக்கத் தொடங்கும் நண்பர்கள், குறிப்பாகக் கோடையில் முதல் கிட்டை (தயாரிப்புப் பொருட்களின் தொகுப்பை) வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு கடையில் கடந்த ஜனவரியில், அதாவது ஆஸ்திரேலியாவின் நடுக்கோடையில், எனக்கு நேர்ந்தது இது.

வீட்டில் ஏசி இல்லை, பகலில் அறை 30 டிகிரியைத் தாண்டுகிறது, இந்த வெப்பத்துக்கு எந்தக் கிட் ஒத்துவரும் என்றுதான் கேட்டேன். விற்பனையாளர், ‘லேகர்’ (குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீர் வகை) என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட 1.7 கிலோ மால்ட் சாறு டப்பாவை எடுத்து வைத்து, இதிலுள்ள ஈஸ்ட் எந்த வெப்பத்திலும் வேலை செய்யும் என்று உறுதி சொன்னார். வாளி, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை ஆகியவற்றோடு ஒரு ஹீட் பெல்ட்டையும் சேர்த்தே என் தலையில் கட்டினார். குளிர்காலத்தில் நொதித்தல் நின்றுவிடாமலிருக்க வாளியைச் சுற்றிக் கட்டும் மின்பட்டை அது. குளிரான தெற்குத் தீவு தாஸ்மேனியாவின் ஜூலை மாதக் குளிர்காலத்தில் பயன்படும். வேண்டாம் என்று சொன்னதற்கு, தொகுப்பைப் பிரித்துத் தர முடியாது என்பதே பதில்.

டப்பாவின் மூடிக்கடியில் இருந்த ஈஸ்ட் பொட்டலத்தில் ஒரு குறியீட்டு எண் மட்டுமே இருந்தது. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டபோது, அது ஏல் வகை ஈஸ்ட் என்று தெரியவந்தது. லேகர் ஈஸ்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 14 டிகிரி வேண்டும்; ஏல் ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் நன்றாக நொதிக்கும். பல கிட்களில் ‘லேகர்’ என்ற பெயர் சுவையின் பாணியைத்தான் குறிக்கிறது என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அறியாதவர் வாங்குபவர் ஒருவர்தான். குறிப்புத்தாளிலோ 21 முதல் 27 டிகிரி வரை சரி என்று போட்டிருந்தது. அந்த மேல் எல்லையே அதிகம். ஈஸ்ட் மளமளவென்று வேலையைத் தொடங்குவதைக் கண்டு புதியவர் மகிழ்வார் என்பதைத் தவிர அதனால் வேறு நன்மை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நொதிக்கும்போது ஈஸ்ட் தானும் வெப்பத்தை வெளியிடுவதால், முதல் சில நாட்களில் வாளிக்குள் இருக்கும் 23 லிட்டரும் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே சூடாகும் என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. அந்தச் சூட்டில் தொண்டையை எரிக்கும் ஃபியூசல் ஆல்கஹால்களும் பழ வாடை தரும் எஸ்டர்களும் அளவுக்கு மீறி உண்டாகின்றன. நான் தயாரித்த பீர்ப் புட்டியைத் திறந்ததுமே அழுகத் தொடங்கிய வாழைப்பழ வாடையும், அதன் பின்னால் நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் நெடியும் மூக்கில் ஏறின. ஒரு வாய் குடித்ததும் தொண்டை எரிந்தது.

புட்டியோடு கடைக்குப் போனேன். அதை முகர்ந்துகூடப் பார்க்காமல், நீங்கள் பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று பழியை என் மீது போட்டார்கள். கிருமி புகுந்திருந்தால் பெரும்பாலும் புளிப்பு ஏறும், மேலே ஆடை படரும், அடர்த்தி எண் தொடர்ந்து இறங்கும். என்னுடையதில் புளிப்பும் இல்லை, ஆடையும் இல்லை, ஹைட்ரோமீட்டர் 1.038-இல் தொடங்கி 1.008-இல் வந்து அசையாமல் நின்றது. இதை விளக்கியபோது, திறந்த பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்ற பலகையைச் சுட்டிக்காட்டினார்கள்.

2011 முதல் நடைமுறையில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, என்ன தேவைக்கு என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் ஆலோசனையை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும். எந்தப் பலகையும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. இதை எழுத்தில் தெரிவித்த பிறகு ஹீட் பெல்ட்டுக்கான பணத்தை மட்டும் கொடுத்தார்கள். மீதிக்காகக் குயின்ஸ்லாந்து நியாய வணிக அலுவலகத்தில் புகார் அளித்திருக்கிறேன்.

கோடையிலேயே தொடங்கித்தான் ஆக வேண்டுமென்றால், 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கக்கூடிய க்வைக் என்னும் நார்வே நாட்டு ஈஸ்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டு, முதல் சில நாட்களுக்காவது 20 டிகிரியை ஒட்டி வைத்திருங்கள். கிட்டை எங்கே வாங்கினாலும், ஈஸ்டின் வகையையும் அதற்குரிய வெப்பநிலையையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் டப்பாவை மேசை மேலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.